உதட்டக்காவும் பீங்கான் இடைச்சியும்

பொம்மைக் கூடத்தில் கண் எழுதுகிறவளுக்குக் கண்ணு என்று பெயர். நீல ரிப்பன் பூசுகிறவள் ரிப்பன். உதடும் கன்னமும் பூசுகிறவள் மற்ற எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் உதட்டக்கா. பதினோரு வருஷமாக அவள் ஒரே பொம்மைக்குத்தான் உதடு பூசிக்கொண்டிருந்தாள். பீங்கானில் வார்த்த, ஆடு மேய்க்கும் பெண். ஒரு சாண் உயரம். கையில் வளைந்த கோல், தலையில் தொப்பி, தொப்பியில் ரிப்பன், காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. மடியில் தலை சாய்த்து ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருக்கும். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குட்டியின் சிரிப்பைப் பார்த்தாலே உதட்டக்காவுக்குக் குமட்டும். பேச்சுக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே தொண்டைக் குழியில் ஏதோ புளிப்பாக ஏறி வரும். காலை எட்டு மணிக்கு முதல் தட்டு பொம்மைகள் மேசைக்கு வந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்வாள். பிறகு மதியம் வரை தாங்கும்.

அவள் ஒன்றும் பூஞ்சை வயிற்றுக்காரி இல்லை. பன்னிரண்டு வயதில், தாயின் வயிற்றுக்குள்ளேயே செத்து இரண்டு நாளான குட்டியை முழங்கை வரை கைவிட்டுத் துண்டு துண்டாக வெளியே எடுத்தவள். செம்மறியின் வாலடியில் ஈ மொய்த்து முட்டையிட்டால், கம்பளிக்கு அடியில் புழு தோலைத் தின்றுகொண்டே போகும். அதைக் குச்சியால் வழித்து, மருந்தெண்ணெய் ஊற்றி, அதே கையைப் புல்லில் துடைத்துவிட்டுச் சோறு தின்றவள். மழைக்காலத்தில் குளம்பு அழுகும். அந்த நாற்றம் போர்வைக்குள்ளும் வரும். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. நாறுகிறது நாறும், அதில் என்ன இருக்கிறது என்பாள்.

அதற்காக ஆடு மேய்த்த காலத்தை எண்ணி அவள் ஏங்கினாள் என்று நினைக்க வேண்டாம். இருபத்து நான்கு வயதில் ஒரு லாரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டு நகரத்துக்கு வந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறுபது செம்மறிகளை மூன்று வயது மூத்த அக்காவின் தலையில் கட்டிவிட்டு வந்தாள். அக்காவும் கோபித்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு மனிதர்களைவிட ஆடுகளோடு ஒத்துப்போகும். ஆடுகளை விரும்பினாள் என்பதல்ல. அவை கேள்வி கேட்காது.

ஆக உதட்டக்காவுக்கு ஆடு பிடிக்காது. ஆட்டுக்குச் சிரிக்கும் வாய் வைத்த பொம்மை அதைவிடப் பிடிக்காது. கன்னத்தில் ரோஜா வட்டம் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் அவளுக்கு அக்காவின் கன்னம் நினைவுக்கு வரும். காற்றில் காய்ந்து வெடித்த, பழைய செருப்புத் தோல் மாதிரியான கன்னம். வைத்துவிட்டு அடுத்த பொம்மைக்குப் போய்விடுவாள். வேலை வேலைதான்.

அந்த வருஷம் பொம்மைகள் கிடங்கில் தேங்கின. ஆலைக்குப் பெரிய கூடம் ஒன்று உண்டு. அங்கே வாஷ்பேசினும் கழிப்பறைப் பீங்கானும் செய்தார்கள். அது நன்றாக ஓடியது. எவ்வளவு பொம்மை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மனிதர்கள் கழிப்பறைக்குப் போகத்தானே வேண்டும். பொம்மைக் கூடத்து மேலாளருக்கு இது மானப் பிரச்சினை. பெட்டிக்குள் ஓர் அழகான விளக்கத்தாள் வைத்தால் விற்கும் என்று யாரோ சொல்ல, ஒரு விளம்பரக்காரரைக் கூட்டிவந்தார்.

விளம்பரக்காரருக்குக் கை எப்போதும் ஈரமாக இருக்கும். கைக்குட்டையால் துடைத்து, அதே கைக்குட்டையால் மூக்கையும் துடைத்து, பிறகு பொம்மையை எடுத்துத் தடவிப் பார்த்தார். ஆடு மேய்க்கும் பெண்ணுக்கு ஒரு நல்ல பழைய சொல் வேண்டும், அந்தச் சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால் வாங்குகிறவர்களுக்கு ஓர் உயர்வு தோன்றும் என்றார். முதலில் அவர் கொண்டுவந்த சொல் ஆய்ச்சி. இலக்கியச் சொல், ஆயர் குலத்துப் பெண் என்று பொருள் என்றார். கண்ணுதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், பெட்டி மேல ஆய்ச்சின்னு போட்டா கிடங்குக்காரங்க இத பெரிய கூடத்துச் சரக்கோட சேத்து ஏத்திடுவாங்க" என்றாள்.

ரிப்பன் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் விளம்பரக்காரர் சொல்லை மாற்றிக்கொண்டு வந்தார். இடைச்சி.

"நம்ம உதட்டக்காவே இடைச்சி தான் சார்" என்றாள் கண்ணு. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதற்காகப் பின்னால் பல நாள் வருத்தப்பட்டாள், அல்லது வருத்தப்பட்டதாகச் சொன்னாள்.

விளம்பரக்காரர் நாற்காலியை உதட்டக்காவின் மேசைக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நிஜமாவே ஆடு மேய்ச்சீங்களா?"

"மேய்ச்சேன்."

"எப்படி இருக்கும் அந்த வாழ்க்கை?"

"நாறும்."

அவர் சிரித்தார். எழுதிக்கொள்ளவில்லை.

"உங்கள இடைச்சின்னு தான் கூப்பிடுவாங்களா?"

"வயல்காரன் கூப்பிட்டா திட்டுறான்னு அர்த்தம். கறிக்கடைக்காரன் கூப்பிட்டா ஆடு வேணும்னு அர்த்தம்."

"ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு உங்க ஆளுங்க ஏதாவது சொல்வாங்களா?"

உதட்டக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். இதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. கொஞ்சம் யோசித்தே சொன்னாள்.

"இந்தப் பக்கம் காடு. அந்தப் பக்கம் வயல். காட்டுக்குள்ள போனா காவல்காரன் விரட்டுவான். வயல்ல கால் வச்சா வயல்காரன் கல்லால அடிப்பான். ரெண்டுக்கும் இடையில ஒரு பொட்டல் கிடக்கும், யாருக்கும் வேண்டாதது. அதுல இருக்கிறவ இடைச்சி. எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது."

"நல்லா இருக்கே" என்றார் அவர். பிறகு, "இடைன்னா இடுப்பும் தானே?" என்றார்.

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அவள் வேலையைத் தொடர்ந்தாள். தூரிகையின் நுனி விரிந்துவிட்டால் பொம்மைக்கு உதடு கோணிக்கொள்ளும். ஆகவே நாலைந்து பொம்மைக்கு ஒருமுறை நுனியைக் கழுவி, உதட்டுக்கு நடுவில் வைத்து இழுத்துக் கூராக்குவாள். பூச்சு வேலை தெரிந்த எல்லோரும் செய்வதுதான். விளம்பரக்காரர் கைக்குட்டையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கடி இப்படிச் செய்வீங்களா?"

"ஆமா."

இதை மட்டும் அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் விளக்கத்தாள் அச்சாகி வந்தது. ரோஜா நிறக் காகிதம், ஓரத்தில் பூங்கொடி. மேலே உதட்டக்காவின் படம். அவள் குனிந்து தூரிகையை வாயில் வைத்திருக்கும்போது அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. கண்ணு அதை உரக்கப் படித்தாள்.

'கொடியிடை கொண்டவள், ஆகவே இடைச்சி. மந்தையின் பின்னே நடக்கையில் அந்த மெல்லிடை அசைவதைக் கண்டு மயங்கிய முன்னோர் சூட்டிய பெயர் இது. உங்கள் கையில் இருக்கும் பாவைக்கு இதழ் தீட்டியவரும் ஓர் உண்மையான இடைச்சியே. தூரிகையை ஒவ்வொரு முறையும் தம் இதழில் ஒற்றியே அவர் வண்ணம் தீட்டுகிறார். எனவே ஒவ்வொரு பாவையும் ஓர் இடைச்சியின் முத்தத்தோடு உங்களை வந்தடைகிறது.'

கண்ணுவுக்குக் கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

உதட்டக்கா எழுந்து போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தாள். ஒருமுறை, இரண்டுமுறை, ஏழெட்டுமுறை. தன் வாயை யாரோ தன்னிடம் கேட்காமல் எடுத்து ஊரெல்லாம் விநியோகம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. முகம் தெரியாத யார் யாரோ வீட்டு அலமாரியில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், தன் எச்சில். அதற்கு முத்தம் என்று பெயர்.

மேலாளரின் அறைக்குப் போனாள். அந்த அறையில் வாசனைத் தெளிப்பான் அடித்து அடித்துக் காற்றே பிசுபிசுவென்று இருக்கும்.

"சார், எச்சில்னு போட்டிருக்கலாமே. முத்தம்னு எதுக்குப் போட்டாங்க?"

"விற்பனைக்கு எழுதுறதும்மா. அத அப்படியே எடுத்துக்கக் கூடாது."

"இடுப்பு கதையும் பொய். நான் சொன்னது வேற."

"பொட்டல், கல்லடின்னு எழுதினா யாரு வாங்குவா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

வீட்டில் கணவர் ஒரு விளக்கத்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கண்ணு கொடுத்ததாம். லாரி நிற்கிற இடத்தில் எல்லாம் காட்டியிருக்கிறார்.

"உன் படம் போட்டிருக்கான். எத்தன பேருக்கு இது கிடைக்கும்?"

"கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன். முத்தம்தானே. சும்மா எழுதுறதுக்கெல்லாம் மூஞ்சிய தூக்கிக்கிட்டு."

அவள் அன்று அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

பொம்மை விற்றது. அதுதான் கொடுமை. கடைக்காரர்கள் இடைச்சி இருக்கா, இடைச்சி இருக்கா என்று கேட்டு வாங்கினார்கள். பிறகு ஆலையைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பொம்மைக் கூடத்தின் வாசலில் நின்று, "எந்தம்மா?" என்று மேலாளரிடம் மெதுவாகக் கேட்பார்கள். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு, மூக்கின்மேல் இறங்கிய கண்ணாடி. பார்த்ததும் அவர்கள் முகம் விழுவது அவளுக்குத் தெரியும். அவள் ஈரப் பஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதில் தூரிகையைக் கூராக்கத் தொடங்கியிருந்தாள். ஒருநாள், நகங்களை வெகு சுத்தமாக வைத்திருந்த ஒரு மொத்த வியாபாரி கிட்டே வந்து குனிந்தார்.

"தாள்ல போட்டிருக்கிற மாதிரி ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

மேலாளர் அவருக்குப் பின்னால் நின்று, செய் என்பதுபோலத் தலையை ஆட்டினார். உதட்டக்கா என்ன நினைத்தாளோ, மறுக்கச் சொல் வருவதற்குள் கை பழக்கத்தில் தூரிகையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. வியாபாரி திருப்தியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அவர் போன பிறகு கழுவினாள், தேய்த்தாள், உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். அவர்மேல் வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம். செத்த குட்டியை எடுத்த கை கழுவினால் சுத்தமாகிவிடும். இது ஆகவில்லை.

இதோடு நின்றிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டு போயிருப்பாள். நாலு மாதம் கழித்து மேலாளர், வியாபாரிகள் எல்லோரையும் ஒரே நாளில் காட்சிக்கூடத்துக்கு அழைத்தார். அதற்கு இன்னும் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணும் இரண்டு ஆடுகளும் வேண்டும். உதட்டக்காவிடம் கேட்கவில்லை. அவள் கணவரிடம் கேட்டார். கணவர் தன் லாரியிலேயே போய் அக்காவைக் கூட்டிவந்துவிட்டார்.

"நீ வேல பாக்கிற இடத்தப் பாக்கலாம்னு தான்டி வந்தேன்" என்றாள் அக்கா. வேறு நோக்கம் அவளுக்கு இல்லை. மேசைமேல் வரிசையாக நின்ற பொம்மைகளைக் குனிந்து பார்த்தாள். "இது யாரு?"

"நாமதான்."

"நாமளா?" அக்கா ஒன்றைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். "இந்தச் செருப்போட பட்டிக்குள்ள ரெண்டடி வச்சா புழுக்கையில வழுக்கி மூஞ்சி பேந்துடும். குட்டிக்கு என்ன, ஜன்னியா? வாயி இழுத்துக்கிட்டு கிடக்கு."

உதட்டக்கா பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான். காட்சிக்கூடத்துப் பெண்கள் அக்காவை உள்ளறைக்கு அழைத்துப்போய்ப் பொம்மையின் உடுப்பைப்போலவே தைத்த ஒன்றை மாட்டிவிட்டார்கள். இடுப்பில் கொக்கி எட்டவில்லை. முதுகில் ஊக்குக் குத்தி மறைத்தார்கள். தலையில் தொப்பி. வெடித்த குதிகால்களுக்கு அளவான செருப்பு கிடைக்காததால் வெறுங்காலோடு விட்டார்கள். கால் தெரியாதபடி பாவாடையை இழுத்து இறக்கிவிட்டார்கள். ஆடுகளை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டி, வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தார்கள். பயந்துபோன ஆடுகள் பளிங்குத் தரையில் புழுக்கை போட்டுக்கொண்டே இருந்தன. ஒருவன் தட்டும் துடைப்பமுமாகப் பின்னாலேயே நின்றான். வாசனையும் புழுக்கையும் கலந்த அந்த நெடி, உதட்டக்கா வாழ்நாளில் முகர்ந்த எல்லா நாற்றத்தையும் தோற்கடித்தது.

அக்கா பொறுமையாகத்தான் நின்றாள். வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நகம் சுத்தமான வியாபாரியும் வந்தார். கையில் ரோஜாத் தாள்.

"இடைச்சின்னா இடை அழகின்னு போட்டிருக்கே, பாப்போம்" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, அக்காவின் இடுப்பில் கையைப் போட்டார். போட்டதோடு நிற்காமல் அளவெடுப்பதுபோல அழுத்தினார்.

அடுத்து நடந்தது மிகச் சாதாரணமாக நடந்தது. குளம்பு வெட்டவோ மயிர் கத்தரிக்கவோ செம்மறியைப் பிடித்தால், மேய்க்கிறவர்கள் அதன் தாடையை ஒரு கையால் திருப்பி, மறு கையால் பின்புறத்தை அமுக்கி, முழங்காலை அண்டக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஆடு சத்தமில்லாமல் குண்டியில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு அதற்கு ஓடத் தெரியாது. அக்கா நாற்பது வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. வியாபாரி தரையில், புழுக்கைமேல், இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் தாடையை விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்பதுபோலத் தங்கையைப் பார்த்தாள்.

"விடுக்கா" என்றாள் உதட்டக்கா.

அக்கா விட்டாள். மேலாளர் ஓடிவந்து வியாபாரியைத் தூக்கினார், துடைத்தார், மன்னிப்புக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "அவரு சும்மா தானே தொட்டாரு. மன்னிப்புக் கேட்டுடுங்க" என்றார்.

"சும்மா தொடறதுக்குத்தான் பக்கத்துல ரெண்டு ஆடு நிக்குதே" என்றாள் அக்கா. தொப்பியைக் கழற்றி ஓர் ஆட்டின்மேல் வைத்தாள்.

உதட்டக்கா மேலாளரைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"சார், நாளையிலேர்ந்து நான் உதடு பூச மாட்டேன். அந்தத் தாள்லேர்ந்து என் படத்த எடுத்துடுங்க."

"அப்போ வேற வேல கிடையாது. கழிப்பறைக் கூடத்துல தான் ஆள் கேட்டாங்க."

அவர் அதை மிரட்டலாகத்தான் சொன்னார். உதட்டக்கா சரி என்றாள்.

திரும்பும் வழியில் கணவர் சாலையை மட்டுமே பார்த்து லாரியை ஓட்டினார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்தாளு கழுத்துல என்ன எண்ணெய் தடவியிருக்கான்? கை இன்னும் வழுக்குது" என்று முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

பெரிய கூடத்தில் வேலை இதுதான்: சூளையிலிருந்து ஆறி வரும் கழிப்பறைப் பீங்கானின் விளிம்புக்கு அடியில் கைவிட்டு, சின்னக் கண்ணாடியைக் காட்டி, பூச்சில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை இருந்தால் அழுக்கு தங்கும். சிவப்புப் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு ஒதுக்க வேண்டும். பொம்மைக் கூடத்துப் பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். பெரிய கூடத்து ஆண்கள் ஒரு வாரம் அவளை ஆய்ச்சி என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் திரும்பி "என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் அது சுவையற்றுப் போய்விட்டது.

விளக்கத்தாள் நிற்கவில்லை. படத்தை மட்டும் மாற்றினார்கள். இப்போது கண்ணுவின் படம். கண்ணு ஆட்டைச் சாப்பாட்டுத் தட்டில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் உண்மையான இடைச்சி என்றே போட்டிருந்தது. ஒருநாள் மதியம் அவள் உதட்டக்காவைத் தேடிவந்து, "எனக்கு வேற வழி இல்லக்கா, மேனேஜர் சார் கேட்டாரு" என்றாள். உதட்டக்கா அவள் வாயைப் பார்த்தாள். ஓரத்தில் ரோஜாச் சாயம் காய்ந்திருந்தது. ஈரத்துணியை நீட்டினாள். கண்ணு வாங்கிக்கொள்ளவில்லை.

மழை தொடங்கிய வாரம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"புது இடம் எப்படிடி இருக்கு? நாறுதா?"

"இல்லக்கா. எல்லாம் புதுசு. இன்னும் யாரும் உக்காரல."

அக்கா வெகுநேரம் சிரித்தாள். பிறகு ஊர்ச் செய்திகள் சொன்னாள். ஆடுகளுக்குக் குளம்பு அழுகல் வந்திருக்கிறது. ஊசி போட ஆட்டு மருத்துவர் வந்தார். படித்தவர், நல்லவர், வழக்கமாக அதிகம் பேசமாட்டார்.

"ஊசி போட்டுக்கிட்டே கேக்கிறாரு, 'இடைச்சின்னா என்ன அர்த்தம்னு தெரியுமாம்மா உனக்கு?' அப்படின்னு. நான் ஆட்டோட வாயில கைய விட்டு மாத்திரைய தள்ளிக்கிட்டிருந்தேன். இடை அழகா இருக்கிறதால இடைச்சியாம். அவரு வீட்டு அலமாரியில பொம்மை இருக்காம், அதுல போட்டிருக்காம்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்த சொல்ல? அச்சுல போட்டிருக்குங்கிறாரு. அப்பா சொன்னது எங்கயும் அச்சுல இல்லியே. எனக்கே ஒரு நிமிஷம் அதுதான் சரியோன்னு தோணிடுச்சு."

உதட்டக்காவுக்குப் பழைய புளிப்பு தொண்டைக்கு ஏறியது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. மேற்பார்வையாளர் கைதட்டிக் கூப்பிட்டார். அடுத்த வண்டிச் சரக்கு இறங்கியாகிவிட்டது.

"அது பொய்க்கா" என்றாள். "அந்த டாக்டர் திரும்பி வந்தா எனக்குப் போன் போட்டுக் குடு. நான் பேசுறேன்."

போனை மடியில் செருகிக்கொண்டு முதல் பீங்கானின் விளிம்புக்கடியில் கையை விட்டாள். இடப்பக்க மூலையில் விரல் நுனிக்கு ஒரு சொரசொரப்பு தட்டியது. கண்ணாடி காட்டவே தேவையில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.